உப்பா, புரதமா?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் அப்பா கரும்பாலை வைத்திருந்தார். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். "இன்னும் பதம் வரல" என்றால் அடுப்பில் இன்னும் கொஞ்சம் சக்கை விழும். நான் பார்க்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்றேன் ஒருநாள். "இதுக்கா இவ்ளோ வருஷம் படிச்ச, பாப்பா?" என்றார்.

நோய் எதிர்ப்புக்கான புரதங்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் பார்ப்பது என் தொழில். அதற்கு முதலில் புரதம் படிகமாக வேண்டும். புரதக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர், உப்புக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். இரண்டையும் சின்னக் கண்ணாடிச் சில்லில் ஒரே சொட்டாக்கி, அதே உப்புக் கரைசல் உள்ள தட்டுக் குழியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். சொட்டிலிருந்து நீர் மெல்ல வற்றும். அப்புறம் காத்திருப்பதுதான். பெரும்பாலான சொட்டுகள் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

முதல் வருடம் ஒரு சொட்டில் பளபளவென்று படிகம் வந்தது. எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். சீனியர் அக்கா ஊசியால் லேசாக அழுத்தினார். டக். உப்பு! புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி நீர்தான். ஊசி பட்டால் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். மைசூர்பாகு காசு போனது போனதுதான்.

அதைவிட வலித்தது இன்னொன்று. மூன்று வாரம் பார்த்துவிட்டு, வெறும் கலங்கல் என்று ஒரு தட்டைக் கொட்டினேன். அதே கரைசலில் பக்கத்து மேசைப் பையன் போட்ட தட்டில் ஏழாவது வாரம் படிகம் நின்றது.

எங்கள் துறையே ஒரு கலங்கலில் தொடங்கியது என்பேன். 1987இல் ஹார்வர்டில் பமேலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிங்கர் குழு, நம் செல்களின் மேல் இருக்கும் எச்.எல்.ஏ-ஏ2 என்ற புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது. அடியில் எட்டு இழைகள் பாய் விரித்தது போல, மேலே இரண்டு சுருள்கள் வரப்பு போல, நடுவில் வாய்க்கால். அந்த வாய்க்காலில் எந்தக் கணக்கிலும் சேராமல் ஏதோ மங்கலாகக் கிடந்தது. அழுக்கு என்று நான் துடைத்திருப்பேன். அவர்களோ அங்கே புரதத் துணுக்குகள் உட்கார்ந்திருக்கின்றன என்று வாசித்தார்கள். பலவகைத் துணுக்குகள் கலந்திருந்ததால்தான் மங்கல்.

டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல் வைரஸைத் தனியாகப் பார்ப்பதில்லை, எச்.எல்.ஏ போன்ற நம் சொந்தப் புரதத்தோடு சேர்த்தே பார்க்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் டோகர்ட்டியும் சிங்கர்நாகலும் 1974இல் சொன்னார்கள். 1996இல் அதற்கு நோபல் வாங்கினார்கள். எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது என்பதை அந்த வாய்க்கால்தான் காட்டியது.

இப்போது என் அலமாரியில் பதினொரு தட்டுகள். ஒன்றின் மேல் பெரிதாக 'கொட்டாதே' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒடியா பையன் அதைப் புரதத்தின் பெயர் என்று நினைத்து, என்ன புரதம் என்று கேட்டான்.