வலிப்போடு குறட்டையும் இருந்தால்: தூக்கப் பரிசோதனையிலிருந்து சிபாப் வரை

இரண்டு மூன்று மருந்து மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை, அதுவும் தூக்கத்திலோ விழித்தெழும் நேரத்திலோ வருகிறது என்றால், அடுத்த மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் இரவில் மூச்சு ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஸ்லீப் ஆப்னியாவும் (தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்) இருப்பதை நரம்பியல் மருத்துவர் பெத் மாலோ குழுவினர் 2000-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். ஆனாலும் வலிப்புக்கு வருகிறவரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்பது அபூர்வம். அவரும் சொல்வதில்லை, தான் குறட்டை விடுவது அவருக்கே தெரியாது. பகலில் தூங்கி வழிவதை எல்லாரும் மாத்திரையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. காற்று 10 வினாடிக்குக் குறையாமல் நின்றால் ஆப்னியா. முழுக்க நிற்காமல் கணிசமாகக் குறைந்து, ஆக்சிஜனும் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ ஹைப்பாப்னியா. இரண்டும் சேர்ந்து மணிக்கு எத்தனை முறை வருகிறது என்பதை ஏஹெச்ஐ என்பார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமை.

ஒவ்வொரு அடைப்பும் பெரும்பாலும் மூளை ஒரு கணம் விழித்துக்கொள்வதில் முடிகிறது. இப்படி இரவு முழுக்க அறுந்து அறுந்து தூங்குகிறவருக்கு ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைந்து, மேலோட்டமான தூக்கமே மிஞ்சுகிறது. தூக்கத்தில் வலிப்பு அதிகமாகத் தொடங்குவது அந்த மேலோட்டமான கட்டத்தில்தான். அதை அடக்கி வைக்கும் கனவுத் தூக்கமோ முதலில் பறிபோகிறது. போதாததற்கு ஆக்சிஜன் ஏறி இறங்குவதும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது வலிப்புக்காரர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூக்கம் கெட்டிருக்கலாம் என்பதுதான் தெரிவதில்லை.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்கிறது: வலிப்பு மருந்துகளே ஆப்னியாவைக் கூட்டலாம். வால்ப்ரோயேட், ப்ரீகாபலின், பெராம்பனெல் போன்றவை எடையைக் கூட்டும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் மூச்சுப்பாதை குறுகும். குளோபசாம், குளோனசிபாம், ஃபினோபார்பிடோன் ஆகியவை தொண்டைத் தசையைத் தளர்த்துவதோடு, அடைப்பிலிருந்து விழித்துக்கொள்ளும் திறனையும் மழுக்கும். இரவு வலிப்புக்கென்று படுக்கும் நேரத்தில் குளோபசாமை ஏற்றிக்கொண்டே போய், குறட்டையும் காலைத் தலைவலியும் கூடிவிட்டால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இந்த வகை மருந்துகளைச் சட்டென்று விட்டால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும்.

தூக்கப் பரிசோதனைக்கு எழுதி வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். சாதாரண ஸ்லீப் ஸ்டடியில் இ.இ.ஜி.க்குத் (மூளையின் மின்னலைப் பதிவு) தலையில் ஆறு முனைகளைத்தான் ஒட்டுவார்கள்: முன்புறம் இரண்டு, நடுவில் இரண்டு, பின்புறம் இரண்டு. தூக்கத்தின் கட்டங்களைப் பிரிக்க இது போதும். வலிப்பு அதிகமாகக் கிளம்பும் பொட்டெலும்புப் பகுதியில் ஒன்றுகூட இருக்காது. ஆகவே கடிதத்தில் ‘10-20 முறைப்படி முழு இ.இ.ஜி., வீடியோவுடன் பாலிசோம்னோகிராம்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும் (10-20 என்பது தலை முழுக்க முனைகளை ஒட்டும் முறை; பாலிசோம்னோகிராம் என்பது ஸ்லீப் ஸ்டடியேதான்). வீட்டுக்கு எடுத்துப்போகும் சிறு கருவிகளில் பெரும்பாலானவற்றில் இ.இ.ஜி.யே கிடையாது. தூங்கிய நேரம் எவ்வளவு என்று தெரியாததால், கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுத்து ஏஹெச்ஐயைக் குறைத்துக் காட்டும். வலிப்பு உள்ளவருக்கு அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் அதை நம்பி விட்டுவிட முடியாது.

பரிசோதனை அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாகக் காயவைத்து வர வேண்டும். எண்ணெய், கண்டிஷனர் கூடாது, பசை பிடிக்காது. விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டுவதால் நகச்சாயத்தை எடுத்துவிடுங்கள். இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் போட்டே ஆக வேண்டும். சில இ.இ.ஜி.க்குத் தூங்காமல் வரச் சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டு இதற்கும் முந்தைய இரவு கண்விழித்து வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது வலிப்பையும் தூண்டும், தூக்கத்தின் கணக்கையும் மாற்றிவிடும். வலிப்பு எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் இருக்கும், அவசர மருந்து என்ன என்பதை டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் எடுத்த செல்போன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. இரவில் அவசர மருந்து கொடுக்க நேர்ந்தால் அந்த நேரம் குறிப்பில் ஏற வேண்டும். அதற்குப் பிறகான மூச்சு மருந்தால் மந்தப்பட்ட மூச்சாக இருக்கலாம்.

அறிக்கை படிக்கிறவரின் கைப்பழக்கமும் முக்கியம். தூக்கத்தை 30 வினாடிப் பக்கங்களாகப் பார்த்துக் குறிப்பார்கள். அந்த நெருக்கத்தில் வலிப்பு முள்ளலைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். சந்தேகமான இடங்களை 10 வினாடிப் பக்கமாக விரித்துப் பார்க்க வேண்டும். திரையில் ஓர் அடைப்பு இப்படித் தெரியும்: மூக்குக்காற்றுக் கோடு தட்டையாகிவிடுகிறது, மார்புப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்குகின்றன, அரை நிமிடம்போல் போராட்டம், பிறகு ஒரு பெரிய குறட்டைச் சத்தத்தோடு உடம்பு தூக்கிப் போடுகிறது. ஆக்சிஜன் இறக்கம் சில வினாடி கழித்துத்தான் பதிவாகும். இந்தத் தூக்கிப் போடுதலைத்தான் பல வீடுகளில் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூளையின் முன்மடலில் எழும் இரவு வலிப்போ ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: அதே கை, அதே முறுக்கு, பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், ஓர் இரவில் பலமுறை வரலாம்.

எது முதலில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வலிப்பே மூச்சை நிறுத்துவதும் உண்டு, குறிப்பாகப் பொட்டுமடல் வலிப்பில். வலிப்பு முடிந்த மயக்கத்தில் வரும் கரகரத்த குறட்டையும் ஆப்னியா நோய் ஆகாது. இவற்றை ஏஹெச்ஐயில் சேர்த்துவிட்டால் தேவையில்லாதவருக்கு சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி) எழுதிக்கொடுப்பதில் முடியும்.

நோய் உறுதியானால், நடுத்தர, கடுமையான நிலைகளில் முதல் சிகிச்சை சிபாப்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய முறை. தொடர்ந்த காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்தே வைத்திருப்பது. அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தத்துக்குள் அமையும். (குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு வீங்கியிருந்தால் முதலில் அறுவை சிகிச்சையைத்தான் யோசிப்பார்கள்.)

மாஸ்க் விஷயத்தில் வலிப்பு உள்ளவருக்குத் தனிக் கணக்கு. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்கில், வலிப்பின்போது வாந்தியோ எச்சிலோ வந்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம். முடிந்தவரை மூக்கு மாஸ்கில் நின்றுவிடுவது நல்லது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பட்டைகளைக் காந்தக் கொக்கியால் மாட்டும் மாஸ்குகள் வசதியானவை. ஆனால் மார்பில் வேகஸ் நரம்புத் தூண்டியோ (வலிப்பைக் குறைக்கக் கழுத்து நரம்புக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி) பேஸ்மேக்கரோ பொருத்தியவர் அவற்றைத் தொடவே கூடாது. காந்தம் கருவியின் இயக்கத்தை மாற்றிவிடும். படுக்கையில் அருகில் படுப்பவருக்கு அப்படியொரு கருவி இருந்தாலும் இதே விதிதான். வலிப்பு வந்தால் மாஸ்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். மல்லாந்து படுத்தால் ஆப்னியா கூடும் என்று சொன்னதும் சிலர் குப்புறப் படுக்கத் தொடங்குகிறார்கள். வலிப்பு நோயில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலோர் குப்புறக் கிடந்த நிலையில்தான் காணப்பட்டிருக்கிறார்கள். ஒருக்களித்தே படுங்கள்.

இரவுக்கு 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவு போட்டால் போதும் என்றொரு அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. அது ஒழுங்காகப் பயன்படுத்துகிறாரா என்று கணக்கிட வைத்த கோடுதான். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். ஆப்னியா பெரும்பாலும் மோசமாவதும் அப்போதுதான். விழித்தெழும் நேரத்தில் வலிப்பு வருகிறவர் நடுநிசியில் மாஸ்கைக் கழற்றிப்போட்டால் அந்த 4 மணி நேரத்தால் பெரிய பயன் இல்லை. கருவியின் பதிவில் காற்று எந்த நேரத்தில் அதிகம் கசிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாய் திறந்துகொள்வதும் தேய்ந்த மாஸ்க் விளிம்பும்தான் காரணம். வாய் காய்ந்துபோனால் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். சிபாப் போட்ட பிறகும் மிஞ்சும் ஏஹெச்ஐ 5-க்குக் கீழே வர வேண்டும். வராமல், அடைப்பில்லாத மூச்சு நிறுத்தங்களாகப் பதிவானால் அழுத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலிப்பு குறையுமா? சிலருக்குக் குறையும். 2008-ல் வெளியான சிறிய முன்னோட்ட ஆய்வில், சரியான அழுத்தம் கொடுக்கப்பட்டவர்களில் 28%, போலி அழுத்தம் கொடுக்கப்பட்டவர்களில் 15% பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தது; இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆகவே சிபாப் தொடங்குவதற்கு முன் 3 மாதம், பின் 3 மாதம் வலிப்பு டைரி வையுங்கள்: தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, மாஸ்க் இருந்ததா, மாத்திரை தவறியதா. இந்தக் கடைசி இரண்டும் இல்லாத டைரியால் பயனில்லை. அந்த ஆறு மாதமும், மருத்துவர் அனுமதித்தால், மருந்தின் அளவை மாற்றாமல் வைத்திருந்தால்தான் எதனால் குறைந்தது என்று தெரியும்.

வேகஸ் நரம்புத் தூண்டி உள்ளவருக்கு ஒன்று கூடுதல்: அது துடிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு குறைவது உண்டு. பரிசோதனைப் பதிவில் மூச்சுக் குறைவு சரியாக அந்த இடைவெளியிலேயே திரும்பத் திரும்ப வந்தால் அடையாளம் கண்டுவிடலாம். தூண்டும் அதிர்வெண்ணைக் குறைப்பதும் ஓய்வு இடைவெளியை நீட்டுவதும் பலன் தரும். சில மாடல்களில் இரவுக்கென்று தனி அமைப்பே வைக்கலாம். தூண்டியின் அளவை ஏற்றிய பிறகும், எடை கணிசமாக மாறிய பிறகும், இரவில் குளோபசாம் போன்ற மருந்து புதிதாகச் சேர்ந்த பிறகும் பழைய சிபாப் அழுத்தத்தை அப்படியே ஓட்டாமல் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.