சிபிஆர் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில் பக்கம் அவசர சிகிச்சை டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகள் அடிக்கடி கேட்பது, "அண்ணே, எந்த புக் படிக்கணும்?" சிபிஆர் என்பது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர் காப்பது; அதன் எழுத்துத் தேர்வுக்கு வகுப்பு நோட்டே போதும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதெல்லாம் ஒரே ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும். மார்க் போவது பயிற்சிப் பொம்மைக்கு முன்னால் முட்டி போட்ட பிறகுதான்.

முதலில் எண்ணும் விதத்தைச் சரிசெய்யுங்கள். "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு" என்று வாய் நீளும்போது கையும் கூடவே மெதுவாகிவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று முறை எண்ணினால் வேகம் குறையாது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். களைத்தவர்கள் நெஞ்சின்மேல் சாய்ந்துகொள்வார்கள்; அது தேர்வாளர் கண்ணில் உடனே படும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். இடைவெளி எதுவானாலும் 10 விநாடியைத் தாண்டக் கூடாது.

அடுத்து, வாய்மொழிக் கேள்வி. "ஆளுக்கு நினைவில்லை, ஆனால் இடையிடையே வாயைத் திறந்து மூச்சு இழுக்கிறார், என்ன செய்வீர்கள்?" மூச்சு இருக்கிறதே என்று பக்கவாட்டில் படுக்க வைப்பதாகச் சொன்னால் போச்சு. அது சுவாசமே இல்லை. இதயம் நின்றபோதும் அப்படி வரும். நாடி பார்க்க 10 விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள்; நாடி தெரியவில்லை என்றால் அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும்.

நம்ம மாவட்டத்துக்காரர்கள் நீரில் மூழ்கியவர் பற்றிய பாடத்தைத் தனியாகப் படிப்பது நல்லது. முட்டம், குளச்சல், சொத்தவிளை என்று கரை நீண்டு கிடக்கிறது. உள்ளே வந்தால் குளமும் ஆறும். வேலைக்குப் போனால் இந்த கேஸ் வராமல் இருக்காது. மூழ்கியவருக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் ஆக்சிஜன் கிடைக்காததால். அதனால் மூச்சுக் கொடுப்பதில்தான் தொடங்க வேண்டும். வெறும் அழுத்தம் மட்டும் போதாது. கரையில் கூடுகிறவர்கள் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கச் சொல்வார்கள், தலைகீழாகப் பிடிக்கச் சொல்வார்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், நேரமும் வீண். நுரை வந்தாலும் அதைத் துடைத்துக்கொண்டே நிற்காமல் மூச்சைக் கொடுங்கள். ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பேட் ஒட்டும் முன் நெஞ்சைத் துடைப்பதையும், "யாரும் தொடாதீங்க" என்று சத்தமாகச் சொல்வதையும் பொம்மையிடமே பழகிக்கொள்ளுங்கள்.

குழந்தை கேஸை நிறையப் பேர் கடைசிக்குத் தள்ளுவார்கள். இருவர் சேர்ந்து செய்தால் 15-க்கு 2, தனியாக என்றால் 30-க்கு 2. கைக்குழந்தைக்கு ஆழம் சுமார் 4 செ.மீ. உள்ளங்கையை வைத்து அழுத்துகிற பழக்கத்தை மறந்துவிட்டு, நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்திப் பழகுங்கள். பெரிய பொம்மையில் நன்றாகச் செய்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.