மணிக்கூண்டு வேலை, ஐந்தாவது மாதம்: ஆறு மணிக்குப் பத்து அடி

ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் மணிக்கூண்டு என்றால் அது ஓர் இடத்தின் பெயர். மணி பார்க்க யாரும் அங்கே போவதில்லை. எங்கள் ஊரிலும் அதே கதைதான். மார்க்கெட் முனைக் கூண்டின் நான்கு டயல்களும் நான்கு நேரம் காட்டிக்கொண்டு நின்றன. வீட்டில் பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டிய தைரியத்தில் அனுமதி வாங்கிவிட்டேன்.

"பேட்டரி மெஷின் மாட்டிவிடலாமே" என்று கேட்காத ஆள் இல்லை. மாட்டலாம். ஆனால் மேலே ஏறிப் பார்த்தால் பல்சக்கரங்களில் ஒரு பல்கூட உடையவில்லை. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை.

முதல் இரண்டு மாதம் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. புறா எச்சம் மட்டும் நான்கு சாக்கு. யாரோ எப்போதோ பற்களில் கிரீஸ் அப்பியிருக்கிறார்கள். இறகும் தூசியும் ஒட்டித் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. கடிகாரத்தில் எண்ணெய் போக வேண்டியது அச்சு முனைகளுக்குத்தான், பற்கள் காய்ந்தே இருக்க வேண்டும். எடைக்கற்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் டீசலில் ஊறப்போட்டுச் சுரண்டினேன். அச்சுத் துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. லேத் பட்டறையில் கன்மெட்டல் புஷ் (துளைக்குள் பொருத்தும் வெண்கல வளையம்) கடைந்து வாங்கினேன். முதல் செட் இறுக்கமாகிவிட்டதால் மறுபடியும் கடைய வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம் நான்கு டயல்களின் இணைப்பையும் கழற்றிவிட்டு மெஷினைத் தனியாக ஓட்டினேன். ஓடியது! பெண்டுலம் நிமிடத்துக்கு 40 முறை வீசும் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது ஒரு முறை), அதாவது ஒரு முறைக்கு 1.5 வினாடி. கணக்குப்படி நீளம் சுமார் 2.24 மீட்டர். அதன் அடியிலுள்ள குண்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலே நாளுக்கு 19 வினாடி வேகம் கூடிவிடும். குண்டை ஏற்றி இறக்கும் நட்டு என் கைக்குச் சரிப்படவில்லை. லண்டன் பிக் பென்னில் பெண்டுலத்தின் மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைத்தால் நாளுக்கு 0.4 வினாடி வேகம் கூடும். அதே வித்தையை ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து நானும் செய்தேன். அப்புறம் வெயில் வந்தது. தண்டு இரும்பு என்பதால் 10 டிகிரி ஏறினால் நாளுக்கு ஐந்து வினாடி பின்தங்குகிறது. சித்திரைக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு என்று நாணயங்களை மாற்ற வேண்டியதுதான்.

போன வாரம் மணியடிக்கும் பகுதியைப் பூட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு டாண் டாண் என்று பத்து அடித்தது.

கீழே இறங்கினால் டீக்கடைக்காரர், "என்ன சார், ஊரே தூங்கப் போகணுமா?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். இந்த வகை மெஷினில் எத்தனை அடி என்பதை முள் தீர்மானிப்பதில்லை. ஓரத்தில் வெட்டுக்கள் உள்ள ஒரு சக்கரம் 1, 2, 3 என்று 12 வரை வரிசையாக எண்ணிக்கொண்டு போகும். ஒரு சுற்றுக்கு மொத்தம் 78 அடி. அதற்கும் முள்ளுக்கும் தொடர்பே கிடையாது. முள்ளை மட்டும் திருப்பி நேரம் வைத்தால் எண்ணிக்கை பின்தொடராது. நான் வைத்தது அப்படித்தான். சரிசெய்ய ஒரே வழி, அந்த வெட்டில் விழுந்து நிற்கும் கொக்கியைக் கையால் தூக்கித் தூக்கி அடிக்கவிட்டு ஆறு வரை கொண்டுவருவது. 11, 12, அப்புறம் 1 முதல் 6 வரை. கூட்டினால் 44 அடி. சுத்தியலைக் கயிற்றால் கட்டிவிட்டு இதைச் செய்திருக்க வேண்டும். பாதியில்தான் உறைத்தது. அதற்குள் போனில் மூன்று பேர், "ஏதாவது விசேஷமா?"

இன்றைய நிலவரம்: கிழக்கு, தெற்கு, மேற்கு டயல்கள் ஒரே நேரம் காட்டுகின்றன. மணி சரியாக அடிக்கிறது. வடக்கு டயலின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அதை இணைத்த அரை மணி நேரத்தில் மெஷினே நின்றுவிடுகிறது. இப்போதைக்கு அதைக் கழற்றியே வைத்திருக்கிறேன், இரண்டு இருபதில். டீக்கடை வடக்குப் பக்கம்தான் இருக்கிறது.