முக்கால் டெசிபெல்லுக்குப் பலியான மூன்று வாரம்

இரண்டு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டு மூன்று வாரத்துக்கு முன்பு நோட்டில் நான் எழுதி வைத்தது: "டியூப் ஆம்ப்: பாஸ் பரவாயில்லை, குரல் இரண்டடி பின்னால் நிற்கிறது. டிரான்சிஸ்டர்: குரல் முகத்துக்கு நேரே. டியூப் சோம்பேறி." அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். அப்புறம் ஒரு ராத்திரி அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தேன். சோம்பேறி டியூப் இல்லை, நான்தான்.

இப்போது மேசையில் இருப்பவை சென்ஹைசர் எச்டி 600, ஹைஃபைமேன் சன்டாரா என்று இரண்டு ஹெட்ஃபோன், ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு ஓடிஎல் (அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத) டியூப் ஆம்ப். இரண்டு ஆம்புக்கும் ஒரே டாக், அதாவது டிஜிட்டல் இசையை மின் சிக்னலாக மாற்றும் கருவி. ஹெட்ஃபோன் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் கைமாற்றி விடுவதுதான் திட்டம். அதற்கு முன்னால், எந்த ஆம்பில் வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்துகொள்ளலாம், ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். அந்தச் சாயங்காலம் இன்னும் முடிந்தபாடில்லை.

வால்யூமைச் சமப்படுத்தாமல் ஒப்பிடக் கூடாது என்பது தெரிந்த சங்கதிதான். சத்தம் ஒரு டெசிபெல் ஏறினால் காது அதைச் "சத்தம்" என்று சொல்லாது, "தெளிவு" என்று சொல்லும். போதாததற்கு, சத்தம் குறையக் குறைய கீழ் ஸ்தாயி (பாஸ்) காதுக்கு இன்னும் வேகமாக மங்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே குமிழைக் கொஞ்சம் தூக்கி வைத்த ஆம்புக்குத் தெளிவோடு பாஸும் இலவசம். காதை நம்பிச் சமப்படுத்துவது நடக்காது. 0.1 டெசிபெல்லுக்குள் வர வேண்டுமானால் வோல்டேஜ் சுமார் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மல்டிமீட்டர்தான் கதி.

மீட்டரை எங்கே தொடுவது என்பதில் முதல் அடி விழுந்தது. ஹெட்ஃபோன் பிளக்கைப் பாதி வெளியே இழுத்து, தெரிகிற உலோகத்தில் ப்ரோபை வைத்தேன். கை நழுவி முனை ரிங்கையும் (பிளக்கில் வலது சேனலுக்கான வளையம்) ஸ்லீவையும் (இரண்டு சேனலுக்கும் பொதுவான அடிப்பகுதி) சேர்த்துத் தொட, வலது பக்கம் சட்டென்று ஊமையாகிவிட்டது. ஆம்ப் போய்ச் சேர்ந்தது என்றே நினைத்தேன். நல்ல வேளை, பிளக்கைக் கழற்றி மாட்டியதும் உயிர் வந்தது. மறுநாளே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் 6.35 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றும், அதற்கு இணையாக, மீட்டர் வயரைச் செருகப் பனானா சாக்கெட்டுகளும் வைத்துச் சால்டர் அடித்தேன். ஹெட்ஃபோன் மாட்டியபடியே அளக்கலாம். ஹெட்ஃபோன் இல்லாமல் அளப்பதில் அர்த்தமே இல்லை, அது ஏன் என்று கீழே வருகிறது.

இங்கே ஒரு புலம்பல். மலிவான சாக்கெட் வாங்காதீர்கள். சால்டரிங் அயர்ன் இரண்டு நொடி பட்டதும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இளகி, பின் சாய்ந்துவிடுகிறது. நான்கு வாங்கி மூன்றைக் கெடுத்த பிறகு நியூட்ரிக் கம்பெனி சாக்கெட்டுக்கு மாறினேன். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் மூன்று சாக்கெட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம்.

அடுத்தது குமிழ். குறைந்த வால்யூமில் டியூப் ஆம்பின் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம், இடது பக்கம் சாய்கிறது. எட்டு மணி நிலையில் இடதுக்கும் வலதுக்கும் 0.4 டெசிபெல் வித்தியாசம். டாக்கில் 10 டெசிபெல் குறைத்துக் குமிழை 12 மணிக்குக் கொண்டு வந்ததும் அது சரியானது. மீட்டரில் 0.500 வோல்ட் வர வேண்டும். நகக்கண் அளவு திருப்பினால் 0.497, கையை எடுத்தால் 0.503. குமிழின் எடைக்கே மதிப்பு நகர்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரே டாக்கிலிருந்து இரண்டு ஆம்பும் போவதால் மென்பொருளில் நுணுக்கமாகத் திருத்தவும் வழியில்லை. கடைசியில் 0.500 வந்த இடத்தில் குமிழின் மேல் டேப் ஒட்டி, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

அளக்க எடுத்துக்கொண்ட டோன் 100 ஹெர்ட்ஸ். மலிவான மீட்டர்கள் மேலே போகப் போக வோல்டேஜைக் குறைத்துக் காட்டும், என்னுடையதை 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதனால் 100 பத்திரம் என்று கணக்குப் போட்டேன். இங்கேதான் கோட்டை விட்டேன்.

எச்டி 600ஐ மாட்டி, தம்பியைச் சுவிட்ச் பக்கம் உட்கார வைத்து, எது எந்த ஆம்ப் என்று பார்க்காமல் 16 தடவை சொன்னேன். 14 சரி. நாணயத்தைச் சுண்டி 12 வருவதே அபூர்வம், 14 என்றால் காது பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். டியூபில் குரல் பின்வாங்குவது நிஜம் என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன். மேலே சொன்ன நோட்டுக் குறிப்பு அப்போது எழுதியதுதான்.

தம்பிக்கு ஆடியோ பற்றி ஒன்றும் தெரியாது. சுவிட்சைத் தட்டித் தட்டிச் சலித்துப்போய்க் கேட்டான்: "அண்ணா, குரல் குறையுது குறையுதுன்னு சொல்றே. குரல் இருக்கிற இடத்துல மீட்டரை வெச்சுப் பார்த்தியா?"

"100ல சமமா இருந்தா எல்லா இடத்துலயும் சமம்தான்டா."

சொல்லிவிட்டு, அவன் வாயை அடைக்க 400 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டேன். டிரான்சிஸ்டர் 0.500. டியூப் 0.455. மீட்டர் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். 0.455.

காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது, நான்தான் மறந்தேன். எச்டி 600 பெயரளவில் 300 ஓம். ஆனால் டயாஃப்ரத்தின் ஒத்ததிர்வு விழுகிற 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஏறி 500 ஓமைத் தொடும். டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே என்பதால் அதற்கு 300ம் ஒன்றுதான் 500ம் ஒன்றுதான். டியூபுக்கு எவ்வளவு என்று அளந்தேன். சும்மா விட்டால் 1 வோல்ட், 300 ஓம் ரெசிஸ்டர் மாட்டினால் 0.75 வோல்ட். அதாவது உள்ளே 100 ஓம். 100 ஓமும் ஹெட்ஃபோனும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது, இம்பீடன்ஸ் ஏறுகிற இடத்தில் ஹெட்ஃபோனுக்குப் பங்கு கூடும். அந்த மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு நான் சமப்படுத்தினேன். விளைவு, மீதி எல்லா இடத்திலும் டியூப் முக்கால் டெசிபெல்லுக்குச் சற்று மேலே குறைந்தே ஒலித்தது. குரல் பின்வாங்கவில்லை, நான்தான் பின்னால் தள்ளினேன்.

இதை டியூபின் குறை என்றும் சொல்ல முடியாது. ஹெட்ஃபோன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்று 1996ல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரத்திலேயே இருந்தது.

400ல் சமப்படுத்திவிட்டு மறுபடி 16 தடவை. இந்த முறை 13. குரலில் வித்தியாசம் துளியும் இல்லை. காட்டிக் கொடுத்தது மிருதங்கத்தின் தொப்பி, கனத்த ஒலி தரும் இடது பக்கம். டியூபில் தொப்பி இன்னும் கொஞ்சம் பருத்து, அடி விழுந்த பிறகு அரைக் கணம் கூடுதலாக உருள்கிறது. அந்த மேடு இப்போது கீழே பாஸாக வெளிவருகிறது, அவ்வளவுதான்.

அடுத்து வந்த யோசனைதான் இந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் சேனலுக்கு ஒன்றாக 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைச் செருகினேன். 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட் தாராளம். வால்யூமை ஏற்றி 100லும் 400லும் இரண்டு ஆம்பையும் அளந்தால் எண்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு கண்ணைக் கட்டாத குறையாக 16 தடவை. சரியாகச் சொன்னது 9. குருட்டடிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆம்பை வாங்கிய நாளிலிருந்து "டியூபின் இளஞ்சூடு" என்று நான் வர்ணித்து வந்ததெல்லாம், இந்த ஹெட்ஃபோனில், இந்தச் சத்தத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன இரண்டு ரெசிஸ்டருக்குள் அடக்கம். மனசு கேட்கவில்லை, மறுநாள் திரும்பவும் செய்தேன். 7.

டியூப் ஆம்பை விற்கப்போவதில்லை. இருட்டில் அது எரிவது அழகாக இருக்கிறது.

இனி உண்மையான வேலை, ஹெட்ஃபோன் ஒப்பீடு. சன்டாரா பிளேனர் (தட்டையான சவ்வு முழுவதும் காந்தத்தால் அசையும் வகை) என்பதால் அதன் 37 ஓம் மேலும் கீழும் கிட்டத்தட்ட நேர்கோடு. 100 ஓம் ரெசிஸ்டரோடு மாட்டிப் பார்த்தேன்: சத்தம் 11 டெசிபெல் விழுந்தது, 100க்கும் 400க்கும் இடையே மாற்றம் இல்லை. பிளேனரில் டியூப் பாஸைப் பருக்க வைக்கிறது என்று இனி யாராவது சொன்னால் இந்த டப்பாவை நீட்டுவேன்.

ஆனால் ஹெட்ஃபோனோடு ஹெட்ஃபோனை ஒப்பிட மீட்டர் உதவாது. மில்லிவாட்டுக்கு இரண்டும் ஒரே அளவு கத்தினாலும், ஒரே வோல்டேஜில் 37 ஓம்காரர் 300 ஓம்காரரைவிட 9 டெசிபெல் உரக்கக் கத்துவார். காதுக்கு வருகிற சத்தத்தையே அளக்க வேண்டும். ஒட்டுப்பலகையில் துளை போட்டு மைக் கேப்சூலைப் பலகை மட்டத்துக்குப் பதித்து, மேலே ஹெட்ஃபோனை அழுத்தி வைத்துப் பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல், விட்டேன். சன்டாராவில் ஒவ்வொரு தடவையும் பாஸ் ஒவ்வொரு மாதிரி. காதை மூடும் பேட் பலகையோடு சரியாக ஒட்டாவிட்டால் அந்த இடுக்கு வழியே பாஸ் ஒழுகிவிடுகிறது.

அப்போதுதான் உறைத்தது. நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியைக் கழற்றி அதன் காம்பைப் பேடுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து அளந்தேன். 30 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் காணோம். சன்டாராவில் அடிப்பாஸ் போதவில்லை என்று எழுதிய பக்கத்தையும் அடிக்க வேண்டியதாயிற்று.

இன்னும் மெத்தென்ற பேட் கிடைத்தால் காம்பைச் சுற்றிப் படிந்துவிடும் என்று ஒரு ஜோடி ஆர்டர் போட்டேன். வேறு மாடலின் பேட் வந்தது. திருப்பி அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. நடுவில் பழைய ஸ்டாக்ஸ் ஹெட்ஃபோன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, சவ்வுக்கு எப்போதும் 580 வோல்ட் (பயாஸ்) கேட்கும் எலக்ட்ரோஸ்டாட் வகை. இந்த டப்பாவை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் உறுதி. வாங்கக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதி இல்லை.

பேட் வரும்வரை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளப்பதும் கேட்பதும். மீட்டரில் எண் எனக்குத் தெரிவதில்லை. தம்பிதான் படித்துச் சொல்கிறான்.