கருவைக் கொன்றது மருந்தா, வெளிச்சமா?

எட்டுச் செல் எலிக்கருவை முதன்முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு எதுவும் வரவில்லை, எட்டு உருண்டைகள், அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் உருண்டைகளுக்கு நடுவே இருந்த கோடுகளையே காணோம், வழவழவென்று ஒரே பந்து. கருவுற்று இரண்டரை நாள் வாக்கில் நடக்கும் இதற்குக் காம்பாக்‌ஷன் என்று பெயர். இ-கேட்ஹெரின் என்ற புரதம் பசை மாதிரி செல்களை ஒட்டுகிறது என்று படித்திருந்தேன், நம்பியும் இருந்தேன். கால்சியம் இல்லாத திரவத்தில் போட்டால் பந்து மறுபடி எட்டாக நெகிழ்ந்துவிடும் (அந்தப் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும்), அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்?

ஆனால் பசை ஒட்டும், இழுக்காது. இழுப்பது ஆக்டின், மயோசின் என்ற வேறு இரண்டு புரதங்கள். செல் சவ்வுக்கு அடியில் வலைபோலப் பரவியிருக்கும் ஆக்டின் இழைகளை மயோசின் இறுக்குகிறது. வெளிப்பக்கத்தில் இழுவிசை கூடி, செல்கள் தொட்டுக்கொள்ளும் பக்கத்தில் குறைவாகவே இருப்பதால் அவை தட்டையாகி ஒன்றையொன்று அழுத்திக்கொள்கின்றன. படமெடுத்து வேகமாக ஓட்டினால் சுமார் 80 நொடிக்கு ஒருமுறை செல்லின் மேற்பரப்பில் ஒரு சுருக்கம் அலையாக ஓடுவது தெரியும். அதை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

சரி, மயோசினை நிறுத்திப் பார்ப்போம் என்று அதைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டின் என்ற மருந்து கலந்த திரவத்தில் கருக்களை வைத்தேன். செல் சவ்வு பச்சையாக ஒளிரும் கருக்கள், அதனால் நீல லேசரில் சில நிமிடங்களுக்கு ஒரு படம். நாலைந்து மணி நேரத்தில் எல்லாம் சுருங்கிக் கறுத்துச் செத்துப்போயின. "மயோசின் நின்றால் கரு பிழைக்காது" என்று நோட்டில் எழுதி, ஆய்வகக் கூட்டத்தில் சொல்லியும் விட்டேன்.

மூத்த சக ஊழியர் ஒருவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதே மருந்தில், லேசர் படாத கரு எதுவும் இருந்ததா?"

திட்டமிட்டு வைக்கவில்லை. அடுத்த முறை அதே மருந்து, அதே நேரம், ஆனால் ஒரு தட்டு மட்டும் இருட்டில், இன்குபேட்டருக்குள். அந்தக் கருக்கள் நெகிழ்ந்திருந்தன, ஆனால் உயிரோடு இருந்தன. மருந்தைக் கழுவிவிட்டதும் கொஞ்ச நேரத்தில் மறுபடி பந்தாகின. நீல ஒளி பட்டால் பிளெபிஸ்டாட்டின் செயலிழப்பதோடு செல்லுக்கு நஞ்சாகவும் மாறும் என்பது இந்தத் துறையில் தெரிந்த விஷயம்தானாம். எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சிவப்பில் ஒளிரும் கருக்களுக்கு மாறினேன், அதே மருந்தில் ஒளியைத் தாங்கும் பாரா-நைட்ரோ என்ற வகையையும் வாங்கினோம். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "கொன்றது நான்" என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.