ஸ்பிட்ஃபயர் பின் ரேடியஸ் ஆர்ம்: இடதுமரையை லேத்திலேயே போடலாம்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் பின் சக்கரம் முன்னே பின்னே போகாமல் பிடிப்பது பக்கத்துக்கு ஒரு ரேடியஸ் ஆர்ம் என்ற இணைப்புக் கம்பிதான். டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாற்ற வேண்டுமென்றால் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைக்கணும், எடுக்கணும். உப்புக்காற்றில் ஊறிய வண்டியில் அந்தப் பிராக்கெட் போல்ட்டை அடிக்கடி கழற்றினால் தளத்தகடே பிய்ந்து வரும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் செய்துவிட்டால் அந்த போல்ட்டைத் தொடவே வேண்டாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் பின் அமைப்பு இதே குடும்பம்தான். ஆனால் கண்ணுக்குக் கண் (இரு முனைத் துளைகளின் மையங்களுக்கு இடையே) நீளத்தை உங்கள் வண்டியிலேயே அளந்துகொள்ளுங்கள்.

நடுவில் 22 மி.மீ. இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஹெக்ஸ் ராடு, அதாவது அறுகோணக் கம்பி போதும். குழாய் வெட்டி வெல்டு வைப்பதைவிட இது நேராக நிற்கும், ஸ்பேனரும் நேரடியாகப் பிடிக்கும். சக்கரப் பக்கம் எம்14 × 1.5 (14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) வலதுமரை ராட் எண்டு, அதாவது உருண்டை மூட்டு உள்ள முனை; கடையில் கிடைக்கும். பாடி பக்கம் ரப்பர் புஷ் (துளைக்குள் உட்காரும் ரப்பர் உருளை). இரண்டு பக்கமும் ராட் எண்டு போட்டால் ரோட்டுச் சத்தம் முழுக்க உள்ளே வரும். இரண்டு பக்கமும் கெட்டியான பாலியூரித்தேன் போட்டால், சக்கரம் ஏறி இறங்கிச் சாயும்போது ஆர்ம் முறுக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ராட் எண்டு என்பதே நம் ரோட்டுக்குச் சரி.

நடு ராடைச் சுற்றினாலே நீளம் மாற வேண்டுமென்றால் மறுமுனைக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் இடதுமரை வேண்டும். அதற்காக இடதுமரை ராட் எண்டு தேடி அலைய வேண்டியதில்லை. ரப்பர் புஷ் உட்காரும் கண்ணையும் அதன் தண்டையும் நாமே செய்வதால் இடதுமரையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். தண்டும் இஎன்8 என்றால் 150 - 200 டிகிரி வரை சூடாக்கி, 7018 (ஹைட்ரஜன் குறைந்த) வெல்டிங் ராடில் வெல்டு வைத்து, மெதுவாக ஆறவிடுங்கள். வெல்டில் கண் சுருங்கும். அதனால் உள்துளையை அதற்குப் பிறகுதான் கடைசி அளவுக்குக் கடைய வேண்டும். ரப்பர் அதற்கும் பிறகு.

ஹெக்ஸ் ராடுக்குள் இடதுமரை போடும்போதுதான் பல பட்டறைகளில் வேலை கெடுகிறது. இடதுமரை டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இல்லையென்றால் லேத் போதும். 12.5 மி.மீ. துளை, 40 மி.மீ. ஆழம்; அடியில் மரையைவிடச் சற்று அகலமாக ஒரு பள்ளம். லீட் ஸ்க்ரூவை (டூலை நகர்த்தும் திருகு) எதிர்த்திசையில் சுற்ற வைத்துவிட்டு ஸ்பிண்டிலை வழக்கம்போல் ஓடவிடுங்கள். டூல் பள்ளத்தில் தொடங்கி வெளியே வரும். அடியில் முட்டி உடையும் பயமில்லை. மிச்சத் துண்டில் இடதுமரை லாக் நட்டும் செய்துவிடுங்கள். அதன் மூலைகளில் சின்ன வெட்டு போட்டு வையுங்கள், பிற்பாடு குழப்பம் வராது.

மரை குறைந்தது 21 மி.மீ. உள்ளே இருக்கணும். ஹெக்ஸ் ராடின் இரண்டு முனையிலும் 21 மி.மீ. தள்ளி 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கம்பி அதற்குள் தடையின்றி நுழைந்தால் மரை பிடிப்பு போதவில்லை, ஓட்டக் கூடாது.

பொருத்தியதும் ஜாக்கியை இறக்கின உடனே அளக்காதீர்கள். ஸ்விங் ஆக்சில் (ஆக்சில் ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே சாயும் அமைப்பு) என்பதால் சக்கரங்கள் உள்ளே மடிந்து நிற்கும். வண்டியைச் சில மீட்டர் உருட்டி, ஆள் எடை ஏற்றி, தன் உயரத்தில் நிற்கும்போதுதான் புஷ் போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

டோவுக்கு இருபுறமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளங்கள். இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ., ஹெக்ஸின் ஒரு முகத்துக்கு அரை மி.மீ. நீளம் மாறும். ஆர்ம் குறைந்தால் டோ உள்ளே, நீண்டால் வெளியே. ஒரு மி.மீ.க்கு ரிம்மில் ஏறக்குறைய 0.7 மி.மீ. வித்தியாசம் வரும். பழைய நீளத்திலிருந்து 5 மி.மீ.க்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் கோளாறு ஆர்மில் இல்லை; பிராக்கெட்டையோ சேஸையோ பாருங்கள்.

திசையன்விளை, உடன்குடி பக்கம் ஓடும் வண்டியென்றால் ராட் எண்டுக்கு ரப்பர் உறை கட்டாயம். ஆடிக் காற்றில் தேரி மணல் எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) பட்டை உள்ள வகைக்குக் கிரீஸ் வைக்காதீர்கள், அது மணலைத்தான் பிடித்து வைக்கும். லாக் நட்டின் மேல் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டு, 500 கி.மீ. ஓடியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.