வரலாறும் வரவு செலவும்: மகளுக்கு வீட்டிலேயே நடத்திய பதினொன்றாம் வகுப்பு

வர்ஜீனியா மாநிலத்தில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்க விரும்பும் பெற்றோர், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15ஆம் தேதிக்குள் தங்கள் பகுதியின் பள்ளிக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்போடு பாடங்களின் பட்டியலும் பெற்றோரின் கல்விச் சான்றும் இருந்தால் போதும்; எந்தப் புத்தகம், எந்த வரிசை என்றெல்லாம் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள், பிள்ளை முன்னேறியிருப்பதற்குச் சான்றாக ஒரு தேர்வு மதிப்பெண்ணையோ தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் கடிதத்தையோ கொடுக்க வேண்டும். மகளின் பதினொன்றாம் வகுப்புக்கு நான் அனுப்பிய பட்டியலில் அமெரிக்க வரலாறும் தனிநபர் நிதியும் அடுத்தடுத்து இருந்தன. அரசுப் பள்ளி மாணவர்கள் இறுதிச் சான்றிதழ் பெற இவ்விரண்டையும் படித்தே ஆக வேண்டும். வீட்டில் படிப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது நாங்களே தயாரித்துத் தரும் மதிப்பெண் பட்டியலில் குறை காண இடம் இருக்கக்கூடாது என்பதற்காக இரண்டையும் சேர்த்தேன்.

பாடநூல்களைத் தேடத் தொடங்கியபோது ஒன்று என்னைத் தொந்தரவு செய்தது. நான் புரட்டிப் பார்த்த தனிநபர் நிதிப் புத்தகங்கள், மாதந்தோறும் சேமி, கடனைத் தவிர், வங்கியை நம்பு என்று பேசினவே தவிர, இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, யாருக்குப் பலித்தன, யாருக்குப் பலிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. வரலாற்றுப் புத்தகங்களோ போர்களுக்கும் தேர்தல்களுக்கும் கொடுத்த இடத்தில் சிறு பங்கைக்கூட வங்கிக்கும் வரிக்கும் கொடுக்கவில்லை. பணத்தைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது அதன் வரலாற்றை மறைப்பது நேர்மையல்ல என்று எனக்குப் பட்டது. ஆகவே இரண்டையும் ஒரே காலவரிசையில் நடத்துவது என்று முடிவு செய்தேன். தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த எனக்கு அமெரிக்க வரலாறு பெரும்பாலும் புதிது என்பதால், மகளுக்கு முன்பாக ஓர் அத்தியாயத்தை நான் படித்துவிடுவது வழக்கமாயிற்று.

கூட்டு வட்டியைக் கற்பிக்க பெஞ்சமின் பிராங்க்ளினின் உயிலை எடுத்துக்கொண்டோம். 1790இல் இறந்த அவர், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச்சென்றார். இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுத்து, 200 ஆண்டுகள் அதை வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1990இல் பாஸ்டனில் அது 45 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலர்தான். ஒரே தொகை, ஒரே காலம், ஆனால் முடிவு வேறு. ஏன் என்று மகள் தானே கேட்டாள். நிர்வாகம், முதலீட்டுத் தேர்வு, இடையில் எடுத்த தொகை என்று பேச்சு நீண்டது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே வந்திருக்காது.

அரசுக் கடனுக்கு எங்கள் வட வர்ஜீனியாவே போதுமான சான்றாக அமைந்தது. விடுதலைக்காக நடந்த புரட்சிப் போரில் மாநிலங்கள் பட்ட கடனை ஒன்றிய அரசே ஏற்க வேண்டும் என்று 1790இல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதிட்டார். தன் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டிருந்த வர்ஜீனியா எதிர்த்தது. அந்த ஜூன் மாதத்தில் வெளியுறவுச் செயலர் ஜெபர்சன் அளித்த விருந்தில், வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் மாடிசனும் ஹாமில்டனும் கண்ட உடன்பாட்டின்படி கடன் திட்டம் நிறைவேறியது, தலைநகரம் போட்டோமாக் நதிக்கரைக்கு வந்தது. வாஷிங்டன் நகரம் நாங்கள் எளிதில் போய்வரும் தொலைவில் இருப்பதற்கு ஒரு கடன் ஒப்பந்தம்தான் காரணம் என்பது மகளுக்கு வியப்பாக இருந்தது.

அந்த ஆண்டில் நாங்கள் மிக அதிக நேரம் செலவிட்டது ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியைப் பற்றித்தான். 1865 மார்ச்சில் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த அந்த வங்கி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் சேமிப்புக்கென்றே ஏற்பட்டது. வைப்புத்தொகை தொடக்கத்தில் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் போடப்பட்டது. 1870இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நிலத்தின்மேல் கடன் கொடுக்க வழி திறந்தது, வேண்டியவர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் பணம் போயிற்று. 1873இன் நிதி நெருக்கடி அதன் முதுகை முறித்தது. 1874இல் வங்கியின் தலைவரான, அடிமை முறைக்கு எதிராகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சொந்தப் பணத்தில் 10,000 டாலரைக் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஜூன் மாதம் வங்கி மூடப்பட்டபோது, 60,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. சிக்கனமாக இருந்தவர்கள், ஒழுங்காகச் சேமித்தவர்கள், சொன்னபடி வங்கியை நம்பியவர்கள் இவர்கள். சேமிப்பவரின் ஒழுக்கம் மட்டும் போதாது, பணத்தைக் காப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லித்தர விரும்பினேன். இந்த ஒரு நிகழ்வு அதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதைப் படித்த கையோடு ரிச்மண்ட் நகரின் ஜாக்சன் வார்டு பகுதிக்குச் சென்றோம். சலவைத் தொழில் செய்த தாயின் மகளான மேகி வாக்கர், 1903இல் அங்கே செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியை நிறுவினார். அமெரிக்காவில் வங்கிக்கு உரிமம் பெற்று அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. சில்லறைக் காசுகளைச் சேர்த்து டாலராக்க வேண்டும் என்று மக்களிடம் பேசிய அவர், சிறுவர்களிடமும் சேமிப்புப் பழக்கத்தை வளர்த்தார். அவருடைய வங்கி, பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிய காலத்தில் வேறு கறுப்பின வங்கிகளுடன் இணைந்து தப்பிப் பிழைத்தது. அவர் வாழ்ந்த வீட்டைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. திரும்பிய பிறகு, 1930களில் ஒன்றிய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களைப் பார்த்தோம். ரிச்மண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் நடந்துவந்த அதே தெருக்கள், கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டுக் கிடந்தன. வீட்டுக்கடன் என்ற அத்தியாயத்தை அதன் பிறகே திறந்தோம். வட்டி விகிதம், முன்பணம் ஆகிய கணக்குகளைப் போட்டபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் கடன் மறுக்கப்பட்ட குடும்பங்களையும் மகள் மறக்கவில்லை.

1933இன் வங்கி நெருக்கடியை நடத்துவது அதற்குப் பிறகு எளிதாயிற்று. அதிபர் ரூஸ்வெல்ட் மார்ச் மாதத்தில் எல்லா வங்கிகளையும் மூடவைத்து, மார்ச் 12 அன்று வானொலியில் மக்களிடம் நிலைமையை விளக்கிய உரையைக் கேட்டோம். வங்கி திவாலானாலும் சேமித்தவருக்குப் பணம் கிடைக்கச் செய்யும் வைப்புத்தொகைக் காப்பீடு 1934இல் 2,500 டாலரில் தொடங்கி, இன்று 2,50,000 டாலராக இருக்கிறது. வங்கியின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும், அந்தக் காப்பீட்டைச் சொல்லும் சிறிய அறிவிப்பு எதற்காக என்று இப்போது மகள் தன் தம்பிக்கே விளக்குகிறாள்.

கோடையில் அவள் ஒரு நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளராக வேலை செய்தாள். சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தெரிவிக்கும் டபிள்யூ-4 படிவத்தை அவளே நிரப்பினாள். 300 டாலர் சம்பளத்தில் 18.60 டாலர் அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புக்கும் 4.35 டாலர் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் போயிருந்தது. அந்த வாரமே சமூகப் பாதுகாப்பைத் தொடங்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தேன். முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலையை 1940 ஜனவரியில் பெற்ற வெர்மாண்டைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர், மொத்தமாகக் கட்டியிருந்தது 24.75 டாலர், முதல் காசோலையின் மதிப்பு 22.54 டாலர், நூறு வயது வரை வாழ்ந்து அவர் பெற்றதோ 22,000 டாலருக்கும் மேல். இன்று உழைப்பவர் கட்டும் வரியிலிருந்தே இன்று ஓய்வுபெற்றவருக்குப் பணம் போகிறது என்ற ஏற்பாட்டை இதைவிடச் சுருக்கமாக விளக்க என்னால் முடியாது. வரித் தாக்கலையும் அவளே செய்தாள்: வருமானம் குறைவு என்பதால் பிடித்த வருமான வரி திரும்பி வந்தது, மற்ற இரண்டும் வரவில்லை.

கடன் அட்டைக்கு ஒரே ஒரு கணக்கைப் போடவைத்தேன். 1,000 டாலர் பாக்கி, ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, மாதம் 30 டாலர் என்று கட்டினால், கடன் தீர 56 மாதங்கள் ஆகும். வட்டி மட்டும் 660 டாலரைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எவ்வளவு காலம் ஆகும் என்பதை மாதக் கணக்கிலேயே அச்சிட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி என்பதால், என் அட்டையின் மாதக் கணக்கை எடுத்து அந்தப் பெட்டியையும் காட்டினேன்.

வீட்டில் படிப்பவர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டிய ஒன்று, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வு; மகள் எழுதியது அமெரிக்க வரலாற்றுக்கானது. வெளி மாணவரை எழுத அனுமதிக்கும் பள்ளியை நாமே தேட வேண்டும். மே மாதத் தேர்வுக்கு நவம்பரிலேயே பதிவு முடிந்துவிடுகிறது. நாங்கள் முதலில் அணுகிய பள்ளி இடமில்லை என்றது, அடுத்தது ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் தொடங்குவது நல்லது. தேர்வில் ஏழு ஆவணங்களைப் படித்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுதும் பகுதியே கடினம். பழைய காசோலைகளையும் வங்கிச் சட்டங்களையும் வரைபடங்களையும் மூலத்திலேயே படித்துப் பழகியது அங்கே கைகொடுத்தது.

ஜூலையில் மதிப்பீட்டாளர் அவளுடைய கட்டுரைகளையும் கணக்கேட்டையும் வரித் தாக்கலின் நகலையும் பார்த்து, அவளிடம் நெடுநேரம் பேசிவிட்டுக் கடிதம் கொடுத்தார். மாவட்டம் அதை ஏற்றுக்கொண்டது. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பாடங்களாக, ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட் என்றே பதிவாகியுள்ளன. பாட விளக்கக் குறிப்பில் மட்டும், இரண்டும் ஒன்றாக நடத்தப்பட்டன என்று எழுதி, படித்த மூல ஆவணங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கான அறிவிப்பில் அரசியலமைப்பும் புள்ளியியலும் இடம்பெற்றுள்ளன. இரண்டாவதைச் சேர்க்கச் சொன்னது மகள்தான். அந்தச் சிவப்புத் தெருக்களில் இன்று வீட்டு விலை என்ன என்று கணக்கிட அவள் விரும்புகிறாள்.